த்ராட்டிலுக்குப் பூஜ்யத்தை மீண்டும் கற்பித்தல்

கார் மந்தமாக இழுக்கிறது என்று யாரிடமாவது சொன்னால், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துச் சில நொடிகள் பிடித்திருந்தால் த்ராட்டில் (இன்ஜினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் தட்டு) 'ரீசெட்' ஆகிவிடும், கார் பறக்கும் என்ற அறிவுரை உடனே கிடைக்கிறது. சில கார்களில் பெடலை மிதித்துச் செய்யும் முறை உண்மையிலேயே உண்டு. ஆனால் அது எதைச் சரிசெய்கிறது, எதைத் தொடுவதே இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு செய்தால் ஏமாற்றம் இராது.

முன்பு பெடலையும் த்ராட்டில் தட்டையும் ஒரு கேபிள் இணைத்திருந்தது. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1980களின் இறுதியில் தன் பன்னிரண்டு சிலிண்டர் 750 காரில் அந்தக் கேபிளை நீக்கியது. இன்று சிறிய பெட்ரோல் கார்களிலும் அது இல்லை. பெடலில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. அவை தரும் மின்னழுத்தங்களை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு. எப்போதும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது; இரண்டும் பொருந்தாவிட்டால் செக் இன்ஜின் விளக்கை எரியவிட்டு இன்ஜினின் சக்தியைக் குறைத்துவிடும். பொருந்தினால், எவ்வளவு காற்று தேவை என்று கணக்கிட்டு, தட்டு அமைந்திருக்கும் த்ராட்டில் பாடியில் உள்ள சிறிய மோட்டாரை இயக்கித் தட்டைத் திறக்கிறது.

சிக்கல் பெரும்பாலும் தட்டின் விளிம்பில்தான் தொடங்குகிறது. இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி அங்கே கரியாகப் படிகிறது. பெடலை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் ஐட்லிங்கில் தட்டு மிகச் சிறிதளவே திறந்திருப்பதால், மெல்லிய படிவுகூட அந்த இடைவெளியில் கணிசமான பங்கை அடைத்துவிடும். ஈ.சி.யு. இதை உணர்ந்து தட்டைச் சற்று அதிகமாகத் திறந்து ஈடுகட்டி, அந்தத் திருத்தத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. பெடலை முதலில் தொடும்போது கார் தயங்குவதற்கு இந்தப் படிவு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கரியைச் சுத்தம் செய்த பிறகும் ஈ.சி.யு. பழைய திருத்தத்தையே பிடித்துக்கொண்டிருந்தால், ஐட்லிங் வேகம் தேவைக்கு மேல் ஏறி நிற்கும். சுத்தம் செய்த கையோடு கற்பித்தலும், அதாவது பெடலும் தட்டும் தொடங்கும் நிலையை ஈ.சி.யு.வில் புதிதாகப் பதியவைப்பதும் வேண்டும் என்பது இதனால்தான். பல பட்டறைகளில் முதல் பாதியோடு வேலை முடிந்துவிடுகிறது.

நான் பின்பற்றுவது நிசான் பெட்ரோல் கார்களுக்கான முறை. நொடிக் கணக்கு மாடலுக்கு மாடல் சற்று மாறலாம் என்பதால், அந்தந்தக் காரின் சர்வீஸ் மேனுவலையே இறுதியாகக் கொள்ள வேண்டும். முதலில் பெடலைத் தொடாமல் இக்னிஷனை இரண்டு நொடி போட்டு, பத்து நொடி அணைத்து, அதையே இன்னொரு முறை செய்தால், பெடல் விடுபட்ட நிலை எது என்பது பதிவாகும். அதன் பின் இக்னிஷனைப் போட்டு அணைத்துப் பத்து நொடி காத்திருந்தால், தட்டு அசையும் மெல்லிய ஓசை கேட்கும்; மூடிய நிலை பதிவாகிவிட்டது என்று பொருள். மூன்றாவதான ஐட்லிங் காற்றளவுக் கற்றல்தான் பொறுமையைச் சோதிக்கும். இன்ஜின் நன்கு சூடாகி, குளிர்விக்கும் நீர் 70 முதல் 100 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், பேட்டரி 12.9 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும், ஏ.சி., ஹெட்லைட் இரண்டும் அணைந்து, ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும். இன்ஜினை நிறுத்திப் பத்து நொடி கழித்து இக்னிஷனைப் போட்டு, மூன்று நொடிக்குப் பின், ஐந்து நொடிக்குள் ஐந்து முறை பெடலை முழுதாக மிதித்து விட வேண்டும். ஏழு நொடி கழித்து மீண்டும் முழுதாக மிதித்துப் பிடித்தால், ஏறக்குறைய இருபது நொடியில் செக் இன்ஜின் விளக்கு மினுமினுப்பதை நிறுத்தி நிலையாக எரியும். மூன்று நொடிக்குள் பெடலை விட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து இருபது நொடி ஓடவிட வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்வது எளிதல்ல; ஈ.சி.யு.வோடு இணைக்கும் ஸ்கேனர் கருவி வைத்திருப்பவருக்கு இத்தனை நாட்டியம் தேவைப்படாது.

சுத்தம் செய்யும்போது தட்டை விரலால் பலமாகத் தள்ளக் கூடாது. உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் கெடும் வாய்ப்பு உண்டு.

இதனால் கிடைப்பது சீரான ஐட்லிங்கும், பெடலின் தொடக்கத்தில் தயக்கமற்ற அசைவும் மட்டுமே. பெடலை எவ்வளவு மிதித்தால் எவ்வளவு முறுக்குவிசை என்ற வரைபடம் மென்பொருளில் தனியாக இருக்கிறது. கற்பித்தல் அதை மாற்றுவதில்லை. கியர் அமைப்பு குலுங்காமலிருக்கவும் புகை வரம்புக்குள் நிற்கவும் தயாரிப்பாளரே அந்தத் தொடக்கத்தை மென்மையாக்குவது உண்டு. ஈகோ, ஸ்போர்ட் என்று பொத்தான் உள்ள கார்களில் அந்த வரைபடமே மாறுகிறது. பெடலுக்கும் ஈ.சி.யு.வுக்கும் நடுவே பொருத்தச் சொல்லி விற்கப்படும் பெட்டிகளும், பாதி மிதித்ததை முக்கால்வாசி மிதித்ததாகக் காட்டும் வேலையைத்தான் செய்கின்றன. முழுதாக மிதிக்கும்போது இன்ஜின் தருவது அதே சக்திதான். நெடுஞ்சாலையில் அது சிலருக்குப் பிடிக்கலாம். நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்து செல்லும் எனக்கோ, பெடலைத் தொட்டவுடன் துள்ளும் கார் தொல்லை என்பதால் அந்தப் பெட்டியை வாங்கும் எண்ணம் இல்லை.