கரண்ட் திரும்பும் நேரம்

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலையிலிருந்து மாலை வரை கரண்டை நிறுத்தும் நாட்களில், கடல்நீர்த் தொட்டி பார்க்கிற எங்களுக்குப் பகலைவிட மாலைதான் பயம். பகலை பேட்டரி ஏர் பம்ப் வைத்து ஓட்டிவிடலாம். மாலையில் கரண்ட் வந்ததும் தொட்டிக்குள் இருக்கிற எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் சுற்ற ஆரம்பிக்கும். அப்போது எந்த மோட்டார் மேல் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அண்ணா நகரில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் நான்கடித் தொட்டி ஒன்றைப் பராமரிக்கிறேன். சுமார் 250 லிட்டர். அதில் ஒரு ஜோடி க்ளவுன் மீன், சில டாம்சல் மீன்கள், ஒரு இறால், நடுப்பாறையில் சிவப்பு பபுள் டிப் அனிமோன், அதாவது சுற்றிலும் கொடிகளோடு பூ மாதிரி விரிந்திருக்கும் கடல் உயிரினம். வரும் குழந்தைகள் எல்லாம் முதலில் போய் நிற்பது அந்த அனிமோன் முன்னால்தான். அப்படியொரு மின்தடை நாளில், பகல் முழுக்க வெளிச்சமும் நீரோட்டமும் இல்லாததால் அது பாறையை விட்டு நகர ஆரம்பித்திருக்கிறது. அனிமோன் ஒரே இடத்தில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதத்தால் ஊர்ந்து ஊர்ந்து, சில மணி நேரத்தில் தொட்டியின் அடுத்த பக்கம் போய்விடும். இது, நின்றுபோயிருந்த வேவ் மேக்கர் மேல், அதாவது விசிறி சுற்றி நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார் மேல், ஏறியிருந்தது.

வரவேற்பில் இருக்கும் பெண் போன் செய்தாள். "அண்ணா, தண்ணி மோர் மாதிரி வெள்ளையாயிடுச்சு. சிவப்பா துண்டு துண்டா மிதக்குது."

"அந்த ஃபேன் மோட்டார் பிளக்கை சுவத்துல இருந்தே பிடுங்கிடும்மா. தண்ணிக்குள்ள மட்டும் கை விடாதே. ஏர் பம்ப் ஓடட்டும்" என்றேன். கை விடாதே என்றதற்கு இரண்டு காரணம். ஒன்று, உப்புத்தண்ணீரும் கரண்டும். இன்னொன்று, அனிமோனின் கொட்டும் செல்கள். அறுந்து மிதக்கும் துண்டுகூடக் கொட்டும். அந்தத் தண்ணீர் பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் பெரிய தொல்லை.

எங்கள் பட்டறையில் உப்பு கலந்து, உள்ளே சின்ன மோட்டார் ஓடியபடி ஒரு டிரம் எப்போதும் தயாராக இருக்கும். அதிலிருந்து கேன்களில் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டேன். அவசரத்துக்கு அங்கேயே உப்பைக் கரைத்து ஊற்றிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புதிதாகக் கரைத்த நீர் கொஞ்ச நேரமாவது சுழன்று கலந்து நிலைக்கு வர வேண்டும். ஏற்கெனவே திணறும் மீன்களுக்கு அரைகுறைத் தண்ணீர் இன்னொரு அடி.

போய்ப் பார்த்தால் எல்லோரும் அனிமோனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அது இயல்பு. ஆனால் அந்த நேரத்தில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. சிதைந்த திசு அழுகும்போது அம்மோனியா ஏறும். கடல்நீரின் பிஹெச் 8-க்கு மேல் இருப்பதால், அதே அளவு அம்மோனியா நடுநிலையான நன்னீரில் இருப்பதைவிட இங்கே அதிகம் நஞ்சாகும். சோதனைக் குழாயில் மஞ்சளாக நிற்க வேண்டிய நிறம் இளம்பச்சைக்குத் திரும்பியிருந்தது. டாம்சல்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காயம்பட்டது ஒரு உயிர். அந்தக் காயத்தில் மூச்சுவிடுவது தொட்டியிலுள்ள அத்தனை உயிரும்.

நுண்வலையால் மிதப்பவற்றை அள்ளினேன். பாறை இடுக்கில் சிக்கியதை மெல்லிய குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். அந்த உறிஞ்சலிலேயே மூன்றில் ஒரு பங்கு நீர் வெளியே வந்துவிட்டது. கொண்டுபோன நீரின் வெப்பத்தையும் உப்பையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025-இல் இருப்பதை உறுதி செய்து, மெதுவாக விட்டேன். கழுவிய புதுக் கரித்துண்டுகளை வலைப்பையில் போட்டு, நீரை வடிகட்டும் துணைத் தொட்டியான சம்ப்பில் வைத்தேன். நுரை கிளப்பி அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர், அனிமோனின் சளியால் தாறுமாறாக நுரைத்து வழிந்தது. கோப்பையை அடிக்கடி கொட்டிவிட்டு ஓடவிட்டேன்.

இதற்கு நடுவேதான் அனிமோனை விடுவித்தது. மோட்டாரோடு சேர்த்துத் தொட்டி நீர் நிரம்பிய டப்பில் இறக்கினேன். சிக்கியதை இழுக்கவே கூடாது. இழுத்தால் கிழிவது உடம்பு. நீளக் கையுறையோடு, நீருக்குள்ளேயே மூடியைக் கழற்றி, விசிறியைக் கையால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் கொடிகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். ஒரு பக்கக் கொடிகள் பெரும்பாலும் போய்விட்டன. உடம்பில் விரல் நக அளவுக்கு ஒரு கிழிசல். கவிழ்த்துப் பாதத்தைப் பார்த்தேன். முழுசாக இருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. கொடி போனால் வளரும். பாதம் கிழிந்தால் தேறுவது கடினம்.

டாக்டர் பின்னால் வந்து நின்றார். "தம்பி, இதுக்குத் தையல் போட முடியாதா? ஆன்டிபயாடிக் ஏதாவது?"

நல்ல கேள்விதான். ஆனால் அந்த உடம்பில் தையல் நிற்காது. நூல் இழுத்த இடமெல்லாம் புதுக் காயம் ஆகும். சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்து நோயுற்ற அனிமோன்களைத் தேற்றுகிறவர்கள் உண்டு. அதைத் தனித் தொட்டியில், தினமும் தண்ணீர் மாற்றிச் செய்கிறார்கள். பெரிய தொட்டியில் அந்த மாத்திரையைக் கரைத்தால், அம்மோனியாவைத் தின்று தொட்டியைக் காப்பாற்றும் பாக்டீரியாக்களையும் அது கெடுத்துவிடக்கூடும். வாய் இறுக மூடியிருந்தது, துர்நாற்றம் இல்லை. அதனால் மருந்து வேண்டாம் என்று சொன்னேன். துளையிட்ட கூடை ஒன்றில் சின்னப் பாறைத்துண்டோடு வைத்து, நீரோட்டம் மெல்லியதாக இருக்கும் மூலையில் அதே தொட்டிக்குள் இறக்கினேன். க்ளவுன் மீன்களைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் விட்டேன். அனிமோன் மேல் உள்ள பாசத்தில் அவை போய்ப் புரண்டு புரண்டு காயத்தை ஆறவிடாது.

அப்புறம் ஒன்றும் செய்யாமல் இருப்பது. இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை இதுதான். வீட்டுக்காரர்களுக்குக் கை துறுதுறுக்கும். இறால் ஊட்டலாமா, விளக்கைக் கூட்டலாமா, அந்த இடம் பிடிக்கவில்லையோ, மாற்றி வைக்கலாமா என்று கேட்பார்கள். காயத்தோடு இருப்பதற்கு ஊட்டினால் பாதி செரித்ததைக் கக்கும், அதுவும் அழுகும். அந்தப் பெண் தினமும் போட்டோ அனுப்பினாள். ஒருநாள் அது சுருங்கிப்போய் வாயிலிருந்து பழுப்பு நூலாக எதையோ தள்ளியது. "அண்ணா, செத்துடுச்சு" என்று அழாத குறை. உடம்புக்குள் வாழும் பாசியில் மிகுந்ததையும் கழிவையும் அனிமோன் இப்படி வெளியே தள்ளுவது உண்டு. வாய் தொளதொளவென்று திறந்து உள்ளுறுப்பு வெளியே வந்து, தொட்டால் சதை கரைந்து, அழுகல் நாற்றம் அடித்தால் மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும், ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது என்று அவளுக்கு விளக்கினேன்.

மருத்துவமனையில் ஒருவர், "இவ்வளவு சிரமம் எதுக்கு, வேற ஒண்ணு வாங்கிடலாமே" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஜான் டாலியெல் என்ற இயற்கையியலாளர் 1828-இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் எடுத்து வந்த அனிமோன் ஒன்று, வேறு இனம்தான், அவர் இறந்த பிறகும் கைமாறிக் கைமாறி 1887 வரை கண்ணாடிச் சாடியில் வாழ்ந்தது. கிரானி, அதாவது பாட்டி, என்று பெயர் வைத்திருந்தார்கள். தண்ணீர் சரியாக இருந்தால் ஒரு மனிதரைத் தாண்டி வாழக்கூடியதை, கெட்டுப்போன பல்பு மாதிரி மாற்றிப் போட எனக்குப் பிடிக்காது. புதிதாக வாங்குகிறவர்களுக்கும், கடலில் பிடித்ததை விட்டுவிட்டு, தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து வளர்ந்த பபுள் டிப்பைத் தேடி வாங்கச் சொல்கிறேன்.

வாரங்கள் கழித்துக் கிழிசல் ஒரு வெளிறிய கோடாக மூடியது. கொடிகளை இழந்த பக்கத்தில் குட்டைக் கொடிகள் முளைத்தன. சுண்டுவிரல் நுனி அளவு இறால் துண்டை இடுக்கியால் வைத்தேன். பற்றிக்கொண்டது, விழுங்கியது, மறுநாள் வரை கக்கவில்லை. அதன் பிறகே தடுப்பை எடுத்தேன்.

வேவ் மேக்கருக்கு இப்போது நுரைப்பஞ்சு உறை போட்டிருக்கிறேன். உறை அடைத்துக்கொள்ளும், வாராவாரம் கழுவ வேண்டும், பரவாயில்லை. மின்தடை அறிவிப்பு நாளிதழில் வந்தால் அந்தப் பெண் காலையிலேயே வேவ் மேக்கரின் பிளக்கைக் கழற்றிவிடுகிறாள். மாலையில் கரண்ட் வந்ததும் டார்ச் அடித்து மோட்டாரின் நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, அனிமோன் எங்கே இருக்கிறது என்று எனக்கு ஒரு போட்டோ அனுப்புகிறாள். நான் சரி என்றதும் மாட்டுகிறாள்.