நார்மல் என்று வந்த பிறகு

இதயத்துக்கான டிரெட்மில் சோதனை முடிந்து, மார்பில் ஒட்டிய எலெக்ட்ரோடுகளை நான் கழற்றிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் பலர் மனத்தில் இருப்பதைக் கேட்கிறார்கள். டெக்னீஷியன் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: ரிப்போர்ட்டை மருத்துவர் பார்த்துச் சொல்வார். அது சரியான விதி என்றே இன்றும் நினைக்கிறேன். ஒருமுறை அந்த விதியைத் தாண்டிப் பேசினேன். பேசியது சரிதானா என்று என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

அந்த அம்மாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. இடது மார்பில் அழுத்தம், கூடவே இடது கை மரத்துப்போதல். ஈசிஜி, இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, இதயத்தின் ஸ்கேனான எக்கோ எல்லாம் ஏற்கெனவே நார்மல். டிரெட்மில் சோதனைக்கான புரூஸ் முறையில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சாய்வும் கூடிக்கொண்டே போகும். அவர் மூன்றாம் நிலைவரை நடந்து, வயதுக்குரிய உச்சத் துடிப்பில் 85 சதவீதத்தைக் கடந்த பிறகும் ஈசிஜி கோட்டில், இதயத்துக்கு ரத்தம் போதாதபோது இறங்கும் எஸ்டி பகுதி இறங்கவில்லை, வலியும் வரவில்லை.

"தம்பி, இதுவும் நார்மல்தானா? அப்போ இந்த வலி எங்கேயிருந்து வருது? நானா கற்பனை பண்ணிக்கிறேனா?"

முதலிரண்டு கேள்விகளை மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன். மூன்றாவது கேள்வியை அவர் கேட்ட விதத்தில், வீட்டில் யாரோ அவரிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. "இல்லைம்மா, வலி நிஜம்தான். இவ்வளவு நடந்தும் வலிக்கலைங்கிறது நல்ல விஷயம். ஆனா இந்த மெஷின் முக்கியமா பெரிய ரத்தக்குழாய் அடைப்பைத்தான் தேடுது, அது பார்க்காத இடங்களும் இருக்கு" என்றேன்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. படுக்க வைத்து எடுக்கும் சாதாரண ஈசிஜி பதிவு செய்வது சுமார் பத்து வினாடிகளை மட்டுமே. ஆஞ்சியோகிராமிலும்கூட, அரை மில்லிமீட்டருக்குக் குறைவான இதய நுண்குழாய்கள் தெளிவாகத் தெரிவதில்லை. அவை சரியாக விரியாததால் வரும் நெஞ்சுவலி ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. அடைப்பு இல்லாமல் நெஞ்சுவலி இருந்தவர்களுக்கு அந்த நுண்குழாய்களின் செயல்பாட்டைச் சோதித்து, அதற்கேற்ற சிகிச்சை அளித்தபோது வலி குறைந்ததை 2018இல் வெளியான கோர்மிகா ஆய்வு காட்டியது. இதயத்தை விட்டு வெளியே வந்தால் காரணங்கள் இன்னும் பல. விலா எலும்பின் குருத்தெலும்பு அழற்சியால் வரும் வலி, அந்த இடத்தை அழுத்தினால் அப்படியே திரும்ப வரும். உணவுக்குழாயின் வலியும் இதயத்தின் வலியும் ஏறத்தாழ ஒரே தண்டுவடப் பகுதிகளின் வழியாக மூளைக்குப் போவதால், எது எது என்று உடலுக்கே பிரித்தறிய முடிவதில்லை. கழுத்து நரம்பு வேர் நசுங்கினால் மார்பும் வலிக்கலாம், கையும் மரத்துப்போகலாம். பதற்றத்தில் மூச்சு வேகமாகும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல்களும் உதடுகளைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போகும். அதுவும் உடலில் உண்மையாக நடக்கும் மாற்றமே தவிர, கற்பனை அல்ல.

பல மாதங்கள் கழித்து அவர் மறுபடியும் வந்தார். கையில் தடித்த கோப்பு இருந்தது: சிடி ஆஞ்சியோ, கழுத்து எம்ஆர்ஐ, எண்டோஸ்கோபி. எதிலும் குறிப்பிடும்படியாக ஒன்றும் இல்லை. "நான் சொன்னதை நம்பினது நீங்க ஒருத்தர்தான், தம்பி. அந்த மெஷின் பார்க்காத இடம் எதுன்னுதான் தேடிட்டு இருக்கேன்" என்றார். நன்றியாகத்தான் சொன்னார், அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை. பயந்துபோய் நடைப்பயிற்சியையும் நிறுத்திவிட்டாராம். நடக்கும்போது வலி வரவில்லை என்பதைத் தன் கண்ணெதிரே பார்த்தவர் அவர். நான் சொன்ன இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துச் சென்றிருக்கிறார்.

நான் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால், யாரும் தன்னை நம்பவில்லை என்ற வேதனையோடு அவர் தேடியிருப்பார் என்று சில நாள்களில் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வேறு சில நாள்களில், காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்க முடியாத இடத்தில் இருக்கும் ஒருவன் காரணம் ஒன்று எங்கோ இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பியது நியாயமா என்று தோன்றுகிறது. வியர்வையோ மூச்சுத்திணறலோ தாடைக்குப் பரவும் வலியோ வந்தால் பழைய ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் இருக்காமல் உடனே வர வேண்டும் என்றும் அன்று சொன்னேன். சொல்லியே தீர வேண்டிய எச்சரிக்கை அது. அதே எச்சரிக்கைதான் அவரை இரவெல்லாம் தன் நெஞ்சைக் கவனித்துக்கொண்டே படுத்திருக்க வைத்திருக்கும்.

இப்போதெல்லாம் வலி எப்போது வருகிறது, மரத்துப்போவது எந்தெந்த விரல்கள் என்று கேட்டு, மருத்துவருக்குப் போகும் தாளில் எழுதிவிடுகிறேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் என்றால் முழங்கை நரம்பையும் கழுத்தையும் பார்க்கத் தோன்றும்; அந்த அளவுக்கு அது உதவுகிறது. யாராவது கற்பனையா என்று கேட்டால், வலி நிஜம் என்பதை இன்றும் தயங்காமல் சொல்வேன். பார்க்காத இடங்கள் இருக்கின்றன என்ற மற்றொரு பாதியை, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், அல்லது விட்டுவிடுகிறேன். ஆனால் அது யாருக்கு ஆறுதலாகும், யாருக்குச் சுமையாகும் என்பதை முகத்தை வைத்துக் கண்டுகொள்ள எனக்குத் தெரியும் என்று சொல்லத் துணியமாட்டேன்.