விருப்பப்பட்டால் மட்டும் செக்

அமெரிக்காவில் லைசன்ஸ் உள்ள கடையில் துப்பாக்கி வாங்கினால் 4473 படிவம் நிரப்பி, எஃப்பிஐயின் நிக்ஸ் சோதனையைத் தாண்டணும்; வாங்குபவர் சட்டப்படி துப்பாக்கி வாங்கத் தகுதியானவரான்னு பார்க்கும் பின்னணிச் சோதனை அது. 1998 நவம்பரிலிருந்து இதுதான் நடைமுறை. ஆனா ஒரு தனிநபர் அதே மாநிலத்துக்காரருக்கு விற்றால், கூட்டாட்சிச் சட்டம் எந்தச் சோதனையும் கேட்காது. தகுதியில்லாதவர்னு தெரிஞ்சோ, அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தோ விற்றால்தான் குற்றம். தெரிஞ்சுக்க வழி? நிக்ஸைத் தனிநபர் நேரடியா அணுகவே முடியாது.

"மனசாட்சி உள்ளவங்க தாங்களாவே செக் பண்ணிக்கட்டும்" என்பவர்கள் விட்டுவிடும் இடம் இதுதான். தனிநபர் விற்பனையில் செக் பண்ணணும்னா, விற்பவர், வாங்குபவர் இருவரும் லைசன்ஸ் உள்ள கடைக்குப் போகணும். வாங்குபவர் படிவம் நிரப்பணும், கடைக்காரர் நிக்ஸில் கேட்டு, துப்பாக்கியைத் தன் பதிவேட்டில் வரவு வைத்துச் செலவு எழுதணும். எஃப்பிஐ காசு வாங்காது, கடைக்காரர் வாங்குவார். சிக்கல் எங்கே வரும்னா, விற்பவர் துப்பாக்கியை ஒப்படைச்சிட்டு வீட்டுக்குப் போன பிறகு, வாங்குபவருக்குக் கொடுக்கக் கூடாதுன்னு நிக்ஸிலிருந்து "மறுப்பு" வந்தால். துப்பாக்கியைத் திரும்ப வாங்க விற்பவரே படிவம் நிரப்பிச் சோதனையில் தேறணும், தன் சொந்தத் துப்பாக்கிக்கு! பதில் வரும்வரை துப்பாக்கியோட கடையிலேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

வர்ஜீனியா 2016இல் துப்பாக்கிச் சந்தைகளிலேயே மாநிலப் போலீஸை உட்காரவைத்து, விருப்பமுள்ளவர்களுக்குச் செக் செய்து கொடுத்தது. அலைச்சல் குறைஞ்சது, நல்ல ஏற்பாடுதான். ஆனா தேறமாட்டோம்னு தெரிஞ்சவன் செக் கேட்கும் மேசையில் ஏன் நிற்கிறான்? கேட்காத பக்கத்து மேசைக்கு நகர்ந்துடுவான். 2020 ஜூலையில் அங்கே தனியார் விற்பனைக்கும் சோதனையைக் கட்டாயமாக்கிட்டாங்க.