அக்கா மகனின் பனிவண்டியும் என் ஸ்கூட்டரும்

ஜனவரி 11, 2025, சனி. ஜெலுத்தோங், பினாங்கு

இரவு ஒன்பது மணிக்குப் பட்டறையை மூடிக் கை கழுவிக்கொண்டிருந்தேன். எட்மண்டனிலிருந்து அக்கா மகன் அழைத்தான். அங்கே காலை ஆறு, வெளியே இன்னும் கும்மிருட்டு.

“மாமா, ஸ்னோமொபைல் இழுக்க மாட்டேங்குது.”

பனியை நான் ஐஸ் துருவிப் போடும் கச்சாங் கிண்ணத்தில் பார்த்ததோடு சரி. பையனோ என்னிடம் பனிவண்டிக்கு வைத்தியம் கேட்கிறான்! போன மாதம் 137 அங்குல டிராக்கை, அதாவது சக்கரத்துக்குப் பதில் அடியில் சுற்றும் ரப்பர் பட்டையை, கழற்றி 154 அங்குலம் மாட்டினானாம். ஆழமான பனியில் வண்டி புதையாமல் மிதக்க வேண்டுமே, அதற்காக. இப்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினாலும் எஞ்சின் நிமிடத்துக்கு 7400 சுற்றுக்கு மேல் ஏறவில்லை, பெல்ட் தீய்ந்த வாடை வருகிறது. அந்த எஞ்சின் 8000-ஐ ஒட்டித்தான் முழு பலம் காட்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

கடை இல்லை. உட்கார்ந்து யோசித்ததில் அவன் வண்டி அப்படியொன்றும் அந்நியமாகத் தெரியவில்லை. நம் ஸ்கூட்டரில் இருக்கும் அதே சமாச்சாரம்தான். முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவே பெல்ட். நமக்கு முன் புல்லியில் ஆறு ரோலர், அவனுக்கு எடை வைத்த கைகள். எஞ்சின் சுற்றச் சுற்ற இவை வெளியே தள்ளப்பட்டுப் புல்லியை நெருக்கும், பெல்ட் மேலே ஏறும், கியர் கூடும். எடை அதிகமானால் சீக்கிரமே நெருக்கிவிடும், சுற்று விழும். எடை குறைந்தால் சுற்று ஏறும். பின் புல்லியில் ஸ்பிரிங்கும் சரிவான காடியும் உண்டு. பாரம் கூடும்போது அவை பெல்ட்டைத் திரும்பக் கீழ் கியருக்கு இழுக்கும்.

அவனிடம் கூடுதலாக இருப்பது செயின் கேஸ். மேலே சின்னப் பல்சக்கரம், கீழே பெரியது, சுற்றிலும் எண்ணெய்.

டிராக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். பல்லுக்குப் பல் 2.86 அங்குலம். 48 பல் சேர்ந்தால் 137, 54 பல் சேர்ந்தால் 154. ஆக, எஞ்சின் கூடுதலாகச் சுமப்பது ஆறு பல் ரப்பர், அதில் ஒட்டும் பனி, பெரிய பரப்பின் உரசல். பழைய கியரிலேயே இதையும் இழுக்கச் சொன்னால் பெல்ட் முன் புல்லியின் அடிவாரத்திலேயே கிடந்து வழுக்கும். தீய்ந்த வாடை அங்கிருந்துதான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வீட்டுக்காரி பானையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். ஸ்கூட்டரின் வேரியேட்டரை, அதுதான் அந்த முன் புல்லியை, கழற்றி வைத்திருந்ததால் பொங்கியதைப் பார்க்கவில்லை. மூன்று வேளையும் திட்டு.

ஏன் கழற்றினேன் என்று எழுதவில்லையே. என் 155 சிசி ஸ்கூட்டருக்குப் பின்னால் 140/70-14 டயருக்குப் பதில் 150/70 போட்டேன். விட்டம் 2.5 சதவீதம்தான் கூடுகிறது. ஆனாலும் இவளைப் பின்னால் உட்கார வைத்து துன் சார்டோன் சாலையில் பாலிக் புலாவ் பக்கம் ஏறினால் கடைசி வளைவுகளில் மூச்சு வாங்குகிறது. பையனுக்கு நீண்ட டிராக், எனக்குத் தடித்த டயர். குடும்ப வியாதி.

ஜனவரி 18, சனி

பையனுக்கு அவசரம். எடை, ஸ்பிரிங், பல்சக்கரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாமா என்றான். கூடவே கூடாது என்றேன். முதலில் கியர். ஓட்டிப் பார். அப்புறம் எடை. அதன் பிறகும் குறை இருந்தால்தான் பின் புல்லி. மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று பிள்ளையாருக்கும் தெரியாது.

செயின் கேஸில் மேலே 22 பல், கீழே 41 இருந்தது. விகிதம் 1.86. மேல் சக்கரத்தை 20 ஆக்கச் சொன்னேன், 2.05 வருகிறது. உச்ச வேகம் ஒன்பது சதவீதம் போகும். போகட்டும், இடுப்பளவு பனியில் யார் உச்ச வேகத்துக்குப் போகிறார்கள்? பழைய செயினுக்கே அதை இறுக்கும் டென்ஷனர் ஈடுகொடுத்ததாம். எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றிவிட்டான்.

ஜனவரி 19, ஞாயிறு

என் வண்டியில் 13 கிராம் ரோலரை எடுத்துவிட்டு 11 கிராம் போட்டேன். கையோடு பின் ஸ்பிரிங்கையும் முரடாக மாற்றினேன். ஏற்றத்தில் 8500 சுற்று, காது கிழிகிறது, வேகம் மட்டும் முன்பு போலவேதான். “ரம்புத்தான் வாங்கக் கூட்டிப்போகிறேன் என்றுதானே சொன்னீங்க?” என்றாள் பின்னாலிருந்து.

ஜனவரி 27, திங்கள்

வீட்டுக்காரி மாவு நிறுக்கும் தராசில் புது ரோலர்களை வைத்துப் பார்த்தேன். ஆறிலும் 11 என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டு மட்டும் கிட்டத்தட்ட 12. வாங்கிய கடைக்கு ஓடினேன், கடை முதலாளி தவுக்கே பெருநாளுக்காக ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். சீனப் புத்தாண்டு முடியும்வரை திறக்க மாட்டாராம். வாங்கும்போதே நிறுத்திருக்க வேண்டும். இருபது வருடத் தொழில், இந்த அவசரம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பையன் வேல்மவுண்ட் பக்கத்து மலைக்குப் போய் வந்திருக்கிறான். கியர் மாற்றியதும் எட்மண்டன் பக்கத்துச் சமவெளியில் 7600 வந்ததாம். மலையில் இரண்டாயிரம் மீட்டருக்கு ஏறியதும் சுற்று திரும்ப இறங்கிவிட்டது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், எஞ்சின் பலமும் அந்த அளவுக்குக் குறையும். முன் புல்லியின் ஒவ்வொரு எடைக் கையிலும் இரண்டு கிராம் குறைத்தான். 7950. பெல்ட்டைத் தொட்டால் வெதுவெதுப்பு மட்டும்.

“கீழே வந்ததும் பழைய எடையைத் திரும்பப் போடு, இல்லேன்னா சுற்று எகிறும்” என்றேன்.

“சரி மாமா. உங்க ஸ்கூட்டர் என்னாச்சு?”

சொன்னேன். ரோலரையும் ஸ்பிரிங்கையும் ஒன்றாக மாற்றியதையும் சேர்த்துத்தான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தான் பாருங்கள், அக்கா எழுந்து வந்து என்னவென்று கேட்கும் அளவுக்கு.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். தண்ணீர்மலைப் பக்கம் போகும் நெரிசலில் ஸ்கூட்டர் நடையை விட மெதுவாக ஊர்ந்தது. அரைகுறையாகப் பிடித்த கிளட்ச் கிடுகிடுவென நடுங்கி, அதே தீய்ந்த வாடை. ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தே போனேன்.

பிப்ரவரி 15, சனி

பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டினேன். தவுக்கே சண்டை போடாமல் மாற்றிக் கொடுத்த புது 11 கிராமில் மூன்று, பழைய 13-இல் மூன்று, ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினேன். ஆறையும் முதலில் தராசில் நிறுத்தேன்.

துன் சார்டோன் ஏற்றம், பின்னால் இவள், கடைசி வளைவில் 7400. அலறல் இல்லை. மேலே போய் சுற்று காட்டும் டாக்கோமீட்டரைப் படம் பிடித்துப் பையனுக்கு அனுப்பினேன்.

“ஸ்பிரிங்?” என்று ஒரு வார்த்தை பதில் வந்தது.

தராசை இன்னும் கழுவி வைக்கவில்லை. இரவு தோசைக்கு மாவு கரைக்க வேண்டுமாம்.