டாலிக்கு நானே ஒரு நோடு எழுதினேன்

சித்தப்பாவின் எலெக்ட்ரிக்கல் கடையில் சேல்ஸ் பையன்கள் ஆர்டரை கூகுள் ஷீட்டில் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் கணக்கு பார்க்கும் அக்கா அதைப் பார்த்துப் பார்த்து டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு பில்லாகத் தட்டுவார். ஆர்டர் வந்ததும் மெயில் போவதற்காக ஏற்கெனவே அங்கே என்8என் என்ற ஆட்டோமேஷன் டூல் ஓடிக்கொண்டிருந்தது. "அதுலயே டாலியையும் கோத்து விடேன்டா" என்றார் சித்தப்பா.

என்8என்னில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம், அதுதான் நோடு. முதலில் வேறு சாஃப்ட்வேருக்குச் செய்தி அனுப்பும் எச்டிடிபி ரிக்வெஸ்ட் நோடிலேயே, டாலிக்குப் புரியும் எக்ஸ்எம்எல் வடிவத்தில் பில்லை நீளமாக ஒட்டிப் பார்த்தேன். நாலு நாளில் எனக்கே புரியவில்லை. சரி, தனி நோடாக எழுதிவிடுவோம் என்று என்8என் தரும் ஸ்டார்ட்டர் ரெப்போவை (தொடங்குவதற்கான மாதிரி கோட்) எடுத்தேன். டைப்ஸ்கிரிப்ட் மொழி தெரிந்தால் அந்தப் பாகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். ஃபைல் பெயரும் கிளாஸ் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், விடையை அரேக்குள் அரேயாக (பட்டியலுக்குள் பட்டியலாக) திருப்ப வேண்டும். இந்த இரண்டில்தான் நான் முட்டிக்கொண்டேன்.

மற்ற சாஃப்ட்வேர் பேசினால் கேட்க, டாலி 9000-ஆம் போர்ட்டில் காது வைத்திருக்கும். டாலியில் கடையின் கம்பெனி கணக்கு திறந்திருக்க வேண்டும். பிரவுசரில் பதில் வந்தது, நோடிலிருந்து வரவில்லை. என்8என் டாக்கருக்குள், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே தனியாக அடைத்த ஒரு கன்டெய்னருக்குள் இருந்ததுதான் காரணம். அங்கே லோக்கல்ஹோஸ்ட் ('இதே கம்ப்யூட்டர்') என்றால் அந்த கன்டெய்னரே. 'ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல்' என்று மாற்றியதும் பேசியது. அப்புறம் டெபிட், கிரெடிட். டாலியின் எக்ஸ்எம்எல்லில் டெபிட் தொகைக்கு மைனஸ் போட வேண்டும். காமர்ஸ் படிக்காத எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. அக்காவிடம் கேட்டுத்தான் பார்ட்டிக்கு (வாங்கும் கடை) மைனஸ், சேல்ஸுக்கு பிளஸ் என்று எழுதினேன்.

மறுநாள் எல்லாம் பச்சை டிக். நான் காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டேன். ஏழு மணிக்கு அக்கா போன்: "தம்பி, நாலு பில்லைக் காணோமே?"

தப்பு என்னுடையது. செய்தி போய்ச் சேர்ந்தது என்று மட்டும் சொல்லும் 200 எண் வந்தால் வேலை முடிந்தது என்று நினைத்து பதிலைப் படிக்கவே இல்லை. திறந்து பார்த்தால் 'கிரியேட்டட் 0', கீழே 'லைன்எரர்' என்று காரணமும் தெளிவாக இருந்தது. ஷீட்டில் ஒரு கடைப் பெயரில் இரண்டு ஸ்பேஸ், டாலியின் லெட்ஜரில் ஒன்று. இன்னொன்று 'அண்ட் சன்ஸ்'. நடுவில் இருக்கும் '&' குறியை எக்ஸ்எம்எல்லில் அப்படியே போடக் கூடாது என்பது பாடமாகத் தெரிந்ததுதான், கையில் வரவில்லை. நம் ஊரில் பாதிக் கடைக்கு அந்தக் குறி இருக்கிறது!

பதற்றத்தில் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிவிட்டேன். விடுபட்ட நாலும் அப்போதும் ஏறவில்லை, ஏற்கெனவே ஏறியவை இரண்டிரண்டாக ஏறின. அக்கா ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொன்றாக அழித்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போது நோடு அந்த 'கிரியேட்டட்' எண்ணைப் பார்க்கிறது. அது 1 இல்லையென்றால் லைன்எரரை அப்படியே எடுத்து அந்த ஆர்டரின் பக்கத்திலேயே எழுதுகிறது. ஏறியதற்கு ஷீட்டில் 'ஆச்சு' என்று ஒரு குறி. அது இருந்தால் தாண்டிப் போய்விடும். பார்ட்டி பெயரைக் கையால் அடிக்க விடாமல், டாலியின் லெட்ஜர் பட்டியலிலிருந்தே ஷீட்டில் டிராப்டவுன் வைத்துவிட்டேன்.

வெளிமாநில பில்லுக்கு ஐஜிஎஸ்டி லெட்ஜர் தனி. அதை இன்னும் நோடில் சேர்க்கவில்லை. வாரத்துக்கு ஐந்தாறு வந்தால் அதிகம், அக்காவே தட்டிவிடுகிறார்.