மாசியும் பங்குனியும் சந்திக்கும் வேளை

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் வருவது, கணவரின் நலனுக்காகப் பெண்கள் மஞ்சள் சரடு கட்டி நோற்கும் காரடையான் நோன்பு. சில ஆண்டுகளில் அது பகலிலும் சில ஆண்டுகளில் நள்ளிரவிலும் அமைவதால், அடையைத் தயாராக வைத்துவிட்டுப் பஞ்சாங்கத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி பசியோடு விழித்திருந்த இரவுகள் எனக்கு உண்டு. "மாசிக் கயிறு பாசி படியும்" என்பார்கள்; மாசியில் கட்டும் சரடு பாசி படியும் அளவுக்கு நெடுநாள் நிலைக்கும் என்று பொருள். அதனால் மாசி இருக்கும்போதே மஞ்சள் சரடு கழுத்தில் ஏறிவிட வேண்டும் என்பதில் அம்மா மிகவும் கண்டிப்பானவர்.

வறுத்த அரிசி மாவைக் கொதிக்கும் வெல்ல நீரில் கிளறி, வெந்த காராமணியும் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயும் ஏலப்பொடியும் சேர்த்து, வாழையிலையில் வட்டமாகத் தட்டி, நடுவில் விரலால் துளையிட்டு ஆவியில் வேகவைப்போம். உப்படையும் உண்டு. நுனியிலையில் இரண்டு அடைகளை வைத்து, அருகில் உருகாத வெண்ணெயை வைத்து நைவேத்தியம் செய்வோம்.

இந்த நோன்பின் மூலம் மகாபாரதத்தின் வன பருவத்தில் மார்க்கண்டேயர் தருமருக்குச் சொல்லும் சாவித்திரியின் கதை. சத்தியவானின் உயிரோடு நடந்த எமனைப் பின்தொடர்ந்தவள் அழுது மன்றாடவில்லை. தருமத்தைப் பற்றித் தெளிவாகப் பேசி, முதல் வரமாக மாமனாரின் பார்வையையும் அடுத்து அவருடைய நாட்டையும் கேட்டுப் பெற்ற பிறகே கணவனின் உயிருக்கு வந்தாள். பதிவிரதை என்ற ஒற்றைச் சொல்லில் அவளை அடக்கிவிடுவதை என் மனம் ஏற்பதில்லை; அவளுடைய அறிவையும் துணிவையும் எண்ணியே நான் சரடு கட்டிக்கொள்கிறேன்.

எடுத்து வைத்த இரண்டு அடைகளை மறுநாள் காலையில் பசுவுக்குக் கொடுப்போம்.