சுத்துப்பாதை

மாசி 8, ஞாயிறு. மாங்குளம்

நெல்லு வெட்டு முடிஞ்சு மூண்டு நாள். இண்டைக்குத்தான் லாப்டொப்பைத் திறந்தன். விண்டோஸ் 11க்குள்ள லினக்ஸ் எண்ட இன்னொரு இயங்குதளத்தை இறக்கி, அதுக்குள்ள கேம் ஓட்டிப் பாக்கவேணும் எண்டது என்ர பழைய விசர். விண்டோஸுக்குள்ள லினக்ஸை ஓட்டுற வசதியான டபிள்யூ.எஸ்.எல். 2016இல் வந்தபோது லினக்ஸ் கேக்கிறதை விண்டோஸுக்கு விளங்கப்படுத்துற துபாசி வேலையைத்தான் செய்தது. ரெண்டாவது பதிப்பில லினக்ஸின்ர மையப் பகுதியான அசல் கேர்னலே ஒரு சின்ன மெய்நிகர் மெசினுக்குள்ள ஓடுது. ஒரு வரி கட்டளை, உபுண்டு எண்ட லினக்ஸ் வகை இறங்கத் தொடங்கிச்சு. இரவு டேட்டாவை நம்பி முழிச்சிருக்கிறன்.

மாசி 10

சூப்பர் டக்ஸ் கார்ட் போட்டன். பென்குவின் கார் ஓட்டுற விளையாட்டு. திறந்தது! ஆனா ஓட்டம், சேத்துக்குள்ள இறங்கின டிரக்டர். ஃபேன் கத்துற சத்தத்தில அம்மா வந்து எட்டிப் பாத்தா.

கிராபிக்ஸை ஆர் வரையிறது எண்டு கேட்டுப் பாத்தா 'எல்எல்விஎம்பைப்' எண்டு பதில். அதாவது கிராபிக்ஸ் சிப் சும்மா குந்தியிருக்க, சிபியு ஒவ்வொரு புள்ளியையும் கணக்குப் பாத்துக் கீறுது. லினக்ஸுக்குள்ள, கிராபிக்ஸ் சிப்பை வேலை வாங்கிற டிரைவர் மென்பொருளைத் தேடியே ஒரு பின்னேரம் போச்சு. மொக்குவேலை. டிரைவர் போடவேண்டியது வெளியில, விண்டோஸில.

மாசி 11

போட்டன். இப்ப அதே இடத்தில 'டி3டி12', அதாவது விண்டோஸின்ர கிராபிக்ஸ் வழியான டைரக்ட்எக்ஸ் 12 மூலமா கிராபிக்ஸ் சிப்பே வரையுது. கார் பறக்குது. கேம்பேட்தான் தெரியேல்ல; யூஎஸ்பி தானா உள்ள போகாது. கீபோர்டே போதும்.

மாசி 14

இண்டைக்குத்தான் உண்மையான விசர். தம்பியின்ர பழைய விண்டோஸ் கேம் ஒண்டை லினக்ஸுக்குள்ள, விண்டோஸ் புரோகிராமை ஓட்டவைக்கிற வைன் எண்ட மென்பொருளைப் போட்டு ஓட்டினன். கேம் டைரக்ட்எக்ஸில கேக்குது. வைன் அதை லினக்ஸுக்கு விளங்கிற ஓப்பன்ஜிஎல் எண்ட கிராபிக்ஸ் மொழி ஆக்குது. லினக்ஸின்ர கிராபிக்ஸ் மென்பொருளான மேசா அதைத் திரும்ப டைரக்ட்எக்ஸ் 12 ஆக்கி விண்டோஸிட்டக் குடுக்குது. புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேருது!

சாப்பிட வந்த அப்பாவுக்கு விளங்கப்படுத்தினன். சோத்தைக் குழைச்சுக்கொண்டே கேட்டார்: "கிளிநொச்சிக்கு ஏ9ஆல நேர போகாமல், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, பரந்தன் எண்டு சுத்திப் போறாய். பஸ் காசு ஆர் குடுக்கிறது?"

காசு குடுக்கிறது ரேம். 8 ஜிபியில பாதி வரைக்கும் லினக்ஸ் எடுக்கலாம் எண்டதுதான் வழமையான அமைப்பு. பிரௌசர் திறந்திருந்தா எல்லாம் திணறுது. ஆனாலும் கேம் ஓடிச்சு. முதல் கட்டம் முடிக்க மட்டும் தம்பி எழும்பேல்ல. நேர விண்டோஸில ஓடினா இன்னும் நல்லா இருக்கும் எண்டு அவனும் சொன்னான், நானும் மறுக்கேல்ல.

மாசி 15

இடம் காணாது எண்டு லினக்ஸுக்குள்ள இருந்த கேமெல்லாம் அழிச்சன். சி டிரைவ் இன்னும் சிவப்புத்தான். லினக்ஸ் முழுக்க ஒரே ஒரு வட்டுக் கோப்புக்குள்ள இருக்குது. அது ஊதும், தானா வத்தாது. ஆளைப் பிடிச்சுச் சுருக்கவேணும். அதுக்குள்ள மழை இருட்டுது, றோட்டோரம் காயிற நெல்லை அள்ள வரட்டாம். போறன்.